எண்ணிக்கைக்கு ஒரு ஆள்

தோளில் இருக்கிற நான்கு விரல்கள் மட்டும் போகவே மாட்டேன் என்கின்றன, ஆளை முழுதாக அழித்தாயிற்று, பாவாடை, தாவணி, ஒற்றைச் சடை, எல்லாவற்றையும் கைபேசித் திரையில் ஆள்காட்டி விரலால் தேய்த்துத் தேய்த்து அழித்து, அவள் நின்ற இடத்தில் ஸ்டுடியோ படுதாவில் வரைந்திருந்த அரண்மனைத் தூணிலிருந்து ஒரு துண்டை இழுத்துவந்து ஒட்டியும் ஆயிற்று, ஆனால் என் இடது தோளின்மேல் அந்த நான்கு விரல்கள், அவற்றில் இரண்டின் நுனி மட்டும் கறுப்பாக, அழித்தால் என் ரவிக்கையின் கையும் சேர்ந்து போகிறது, விட்டால் யாரோ எனக்குப் பின்னால் ஒளிந்துகொண்டிருப்பதுபோல் இருக்கிறது, சரி, மறைத்துவிட்டால் போச்சு என்று குழுவில் இலவசமாகக் கொடுத்திருந்த பூக்களிலிருந்து ஒரு கனகாம்பரக் கொத்தை எடுத்து விரல்களின்மேல் வைக்கிறேன், கறுப்பு வெள்ளைப் படத்தில் ஆரஞ்சுப் பூ, எவ்வளவு எடுப்பாக இருக்கிறது என்று எனக்கே ஒரு பெருமை, அந்தப் பெருமையை இப்போது நினைத்தால் உடம்பு கூசுகிறது.

தொலைபேசி அலுவலகத்தில் முப்பத்தொரு வருடம் உட்கார்ந்துவிட்டு ஓய்வு பெற்றவளுக்குத் தாம்பரத்தில் பகல் முழுக்க என்ன வேலை, மகனும் மருமகளும் ஆபீஸ் கிளம்பிவிட்டால் வீட்டில் நானும் கைபேசியும்தான், அப்படித்தான் அந்தக் குழுவில் போய் விழுந்தேன், முப்பது நாள் முப்பது பக்கம் என்று ஒரு சவால், வீட்டில் கிடக்கிற பழைய படங்களைக் கைபேசியில் ஏற்றி, பின்னால் ஒரு வண்ணக் காகிதம், ஓரத்தில் பூ, நாடா, பொத்தான், நாலு வரி எழுத்து என்று ஆல்பம் பக்கம்போலச் செய்து குழுவில் போட வேண்டும், கத்தரியும் வேண்டாம் பசையும் வேண்டாம், எல்லாம் திரையிலேயே, நடத்துகிறவள் நாகர்கோவில் கிரேஸ்லின், வயதில் என் மகளாக இருக்கலாம், ஆனால் நூற்றுச் சொச்சம் பெண்களும் டீச்சர் என்றுதான் கூப்பிடுகிறோம், நான் சேர்ந்தது மூன்றாம் நாள், விட்டுப்போன பாடத்தைப் பிறகு பார்த்துக்கொள்ளலாம் என்று நினைத்தேன், விட்டது விட்டதுதான், ஒன்பதாம் நாள் தலைப்பு உடன்பிறந்தவர்கள் என்று வந்தது, மூத்தவள் வடிவக்கா இறந்துபோய் அப்போது பத்து மாதம், எனக்கு வேறு எந்தப் படம் நினைவுக்கு வரும்.

வடிவக்காவுக்குக் கல்யாணம் நிச்சயமான ஆவணியில், தென்காசியில், வெயில் தாழ்ந்த நேரம், அம்மா எங்கள் மூன்று பேரையும் ஸ்டுடியோவுக்கு நடத்திக் கூட்டிப்போகிறாள், வடிவக்கா, நடுவுள்ள உலகக்கா, கடைக்குட்டி நான், எங்கள் சேலை ரவிக்கை அடங்கிய பையைத் தூக்கிக்கொண்டு ஆவுடை பின்னால் வருகிறாள், ஆவுடை அம்மாவின் தங்கை மகள், சித்தி செத்துப்போன பிறகு ஆறு வயதில் எங்கள் வீட்டுக்கு வந்தவள், எனக்கு ஒரு வயது இளையவள், எங்கள் வீட்டில் வளர்ந்தாள் என்றுதான் ஊரில் சொல்வோம், எங்கள் வீட்டில் வேலை செய்தாள் என்று சொல்ல மாட்டோம், நாங்கள் உடை மாற்றி, பிச்சிப்பூ வைத்து, தூண் வரைந்த படுதாவுக்கு முன்னால் வரிசையாக நின்ற பிறகு ஸ்டுடியோக்காரர் கறுப்புத் துணிக்குள்ளிருந்து தலையை வெளியே எடுத்து, மூணு பேரா நிக்கக் கூடாதேம்மா என்கிறார், அம்மாவுக்கா தெரியாது, மூன்று பேராக நின்று படம் எடுத்தால் ஒருத்தருக்கு ஆகாது என்று எங்கள் பக்கத்தில் எந்த வீட்டிலும் எடுக்க மாட்டார்கள், சுற்றும் முற்றும் பார்த்தாள், ஏட்டி ஆவுடை, பையை அங்கன வச்சிட்டு வா, எண்ணிக்கைக்கு ஒரு ஆள் வேணும் என்றாள், அவள் போட்டிருந்த தாவணியோடு வந்து என் பக்கத்தில் நின்றாள், அது என் பழைய தாவணி, பக்கத்துப் பிள்ளை தோளில் கையைப் போடும்மா என்று ஸ்டுடியோக்காரர் சொல்கிறார், போடுகிறாள், விளக்கு பளிச்சென்று எரிகிறது, இப்போது ஆல்பங்களைப் புரட்டினால்தான் தெரிகிறது, நாங்கள் மூன்று பேராக அகப்பட்ட படங்களில் மட்டும் ஆவுடை இருக்கிறாள், அம்மாவும் சேர்ந்து நான்கு பேரான படம் ஒன்றிலும் அவள் கிடையாது, தாயம் ஆடினாலும் கள்ளன் போலீஸ் ஆடினாலும் அவளை ஒப்புக்குச் சப்பாணி என்று சேர்த்துக்கொள்வோமே, படத்திலும் அதேதான், ஒருத்தரும் அதை வாயால் சொன்னதில்லை, அவ்வளவுதான் வித்தியாசம்.

அந்த நாலாவது ஆளைத்தான் அழித்தேன், தலைப்பு உடன்பிறந்தவர்கள், ஆவுடை உடன்பிறக்கவில்லை, இவ்வளவுதான் என் நியாயம், அலுவலகத்தில் இணைப்பைத் துண்டிப்பதுபோல வருத்தமே இல்லாமல் செய்தேன், கீழே மூன்று பூக்கள் ஒரு காம்பு என்று ஒரு வரி வேறு, பக்கத்தைக் குழுவில் போட்டு அரைமணி நேரத்தில் அறுபது இதயம், அழித்த இடமே தெரியவில்லை ஆன்ட்டி என்று டீச்சரின் பாராட்டு, சொந்தக்காரர்கள் குழுவிலும் போட்டேன், புனேயிலிருந்து உலகக்கா உடனே கூப்பிட்டாள், வடிவக்காவைப் பார்த்து அழுதாள், அப்புறம் சட்டென்று நிறுத்தி, ஏட்டி, மூணு பேரால்லா நிக்கோம், அதான் அவ போயிட்டாளோ என்று கேட்டாள், படம் எடுத்த அன்றைக்கு நாலு பேர்தானேக்கா என்றேன், யாரு நாலாவது என்று கேட்டாள், அவளுக்கு எண்ணிக்கை குறைந்ததுதான் தெரிந்தது, ஆள் குறைந்தது தெரியவில்லை.

பதினோராம் நாள் பாடம் நிழல், டீச்சர் குரல் செய்தியில் சொல்கிறாள், நீங்க வைக்கிற பூவும் பொத்தானும் காகிதத்துல வரைஞ்ச மாதிரி தட்டையா இருக்கு, அடியில மெல்லிசா ஒரு நிழல் குடுங்க, ஒட்டியிருக்கிற பொருளுக்கு நிழல் விழாது, கொஞ்சம் விலகி நின்னாத்தான் நிழல் விழும், நான் என் கனகாம்பரக் கொத்தைத்தான் பழகப் பார்க்கலாம் என்று நகர்த்துகிறேன், பூ தனி அடுக்கு, எடுத்தால் வந்துவிடும், கீழே அந்த நான்கு விரல்கள், பெரிதாக்கினேன், இன்னும் பெரிதாக்கினேன், ஒவ்வொரு விரலுக்கு அடியிலும் மெல்லிசாக ஒரு நிழல், நான் கொடுக்காத நிழல், நாற்பது வருடத்துக்கு முந்தின ஸ்டுடியோ விளக்கு கொடுத்த நிழல், விரல்கள் என் தோளில் படவே இல்லை, ஒரு நூல் உயரத்தில் அப்படியே நிற்கின்றன, அது ஏன் என்று உலகத்தில் இரண்டே பேருக்குத்தான் தெரியும், ஸ்டுடியோக்காரர் கையைப் போடச் சொன்னதும் அவள் விரல்கள் என் தோளுக்கு வந்ததும் நான் முகத்தைத் திருப்பாமல் பல்லைக் கடித்துக்கொண்டு சொன்னேன், கையை அழுத்தாத, பஃப் அமுங்கிரும், புது ரவிக்கை, கையில் பஃப் வைத்து உப்பலாகத் தைத்தது, அவள் கையை எடுத்துவிடவில்லை, எடுத்தால் ஸ்டுடியோக்காரர் கேட்பார், அழுத்தவும் இல்லை, அழுத்தினால் நான் ஏசுவேன், படம் எடுத்து முடிகிறவரை அந்தரத்தில் பிடித்துக்கொண்டு நின்றிருக்கிறாள், கை எவ்வளவு வலித்திருக்கும், அன்றைக்கு அதை நான் நினைக்கவே இல்லை.

மறுநாள் ஆவுடையின் மகள் அனுசியாவிடமிருந்து செய்தி வந்தது, பெரியம்மா நீங்க செஞ்ச பக்கம் ரொம்ப அழகா இருந்துச்சு, எங்க பாப்பாவுக்கு வர்ற பதினாலாம் தேதி முதல் பிறந்தநாள், அவ எங்க அம்மா ஜாடைன்னு எல்லாரும் சொல்லுதாங்க, அம்மாவோட சின்ன வயசுப் படம் ஒண்ணுகூட எங்ககிட்ட இல்ல, அம்மா கல்யாணத்தையும் படம் எதுவும் எடுக்காம கோயில்ல வச்சு முடிச்சிட்டாங்க, தென்காசி ஸ்டுடியோவுல எடுத்த படம் ஒண்ணு உங்க வீட்டுல இருக்கு, அதுல நாலாவதா நான் நிக்கேன்னு அம்மா அடிக்கடி சொல்லும், அதை அனுப்புவீங்களா என்று கேட்டிருந்தாள், எங்கே போய் அனுப்புவேன், சட்டத்துக்குள் கண்ணாடியோடு ஒட்டிப்போயிருந்த படத்தைக் கைபேசியில் எடுத்துவிட்டுப் பிறகு பிரிக்கப் பார்த்தபோது கண்ணாடி விரிசல் விட்டது, ஆவுடை நின்ற பக்கம் முழுக்கக் கண்ணாடியோடு உரிந்து வந்துவிட்டது, உடைந்த கண்ணாடி வீட்டில் இருக்கக் கூடாது என்று அன்றைக்கே குப்பைக்குக் கொடுத்தேன், கைபேசியில்தான் இருக்கிறதே என்ற தைரியம், அந்தக் கைபேசிப் படத்தின்மேலேயே அழித்து, முடித்ததும் சேமி என்றேன், பழையதன்மேல் எழுதவா என்று கேட்டது, ஆமாம் என்றேன், டீச்சரிடம் போய்க் கேட்டால், ஆன்ட்டி, முதல் நாளே சொன்னேனே, மூலப் படத்துமேல கை வைக்காதீங்க, நகல் எடுத்துக்கிட்டு அதுமேல வேலை செய்ங்கன்னு என்கிறாள், முதல் நாள் நான் இல்லையேம்மா என்று சொல்லும்போது எனக்கே அழுகை வந்தது, அனுசியாவுக்குத் தேடிப் பார்க்கிறேன் கண்ணு என்று எழுதினேன், பொய், தேடுவதற்கு ஒன்றும் இல்லை என்று தெரிந்தேதான் எழுதினேன்.

பதினாலாம் தேதி சுரண்டையில் இறங்கி ஆவுடை வீட்டுக்குள் நுழைகிறபோது பலூன் ஊதிக்கொண்டிருக்கிறார்கள், அவள் ஓடிவந்து என் பையை வாங்கிக்கொள்கிறாள், அப்போதும் பையைத்தான் முதலில் வாங்குகிறாள், தலை பாதி நரைத்துவிட்டது, பச்சைப் பட்டு, முழங்கைவரை ரவிக்கை, காப்பி குடித்து முடிக்கிறவரை தாங்கவில்லை, கைபேசியை எடுத்து அந்தப் பக்கத்தை அவள் கையில் கொடுத்தேன், வடிவக்கா எவ்வளவு லட்சணமா இருக்கா என்றாள், கண்ணைச் சுருக்கி, இது என்ன பூ, அன்னிக்கு எல்லாரும் பிச்சில்லா வச்சிருந்தோம் என்றாள், பூவை நகர்த்தினேன், அழித்ததையும் ஒட்டியதையும் கண்ணாடியையும் குப்பையையும் ஒன்றுவிடாமல் சொன்னேன், அனுசியாவையும் வைத்துக்கொண்டே சொன்னேன், ஆவுடை விரல்களையே பார்த்துக்கொண்டிருந்தாள், என் கைதான், உங்க மூணு பேருக்கும் மருதாணி அரைச்சு வச்ச பெறகு மிச்சம் ரெண்டு விரலுக்குத்தான் இருந்துச்சு என்றாள், அப்ப வேற எங்கயும் இல்லியா பெரியம்மா என்று அனுசியா கேட்டாள், இல்லை என்றேன், அவள் பிள்ளையின் கையை இழுத்துத் திரைக்குப் பக்கத்தில் வைத்து, சுண்டுவிரல் வளைவு ஒன்றுபோல இருக்கிறதா என்று பார்த்தாள், இருந்தது, என்னால் அதைப் பார்க்க முடியவில்லை, ஆவுடை கைபேசியை என்னிடம் திருப்பிக் கொடுக்கும்போது சொன்னாள், அந்த வயசுல நான் எப்படி இருந்தேன்னு எனக்கே ஞாபகம் இல்லக்கா, உங்க வீட்டுல இருக்குல்லா, என்னிக்காவது வந்து பாத்துக்கிடலாம்னு நெனச்சுக்கிட்டு இருந்தேன், அவ்வளவுதான், ஏசவில்லை, பரவாயில்லை என்றும் சொல்லவில்லை.

கேக் வெட்டி முடிந்து அனுசியாவின் கணவர் படம் எடுக்கிறார், ஆவுடை நாற்காலியில், மடியில் பிள்ளை, பக்கத்தில் அனுசியா, அவர் கைபேசியை உயர்த்துகிறார், இருங்க மாப்பிள்ளை என்று ஆவுடை கை காட்டுகிறாள், மூணு பேரால்லா இருக்கோம், கைப்பிள்ளையும் ஒரு ஆளுதான், கூடத்தில் இன்னும் பத்துப் பேர் நிற்கிறார்கள், அவள் ஒருத்தரையும் பார்க்கவில்லை, சுவரோரம் நின்ற என்னைப் பார்த்து, அக்கா, வாங்க, எண்ணிக்கைக்கு ஒரு ஆள் வேணும் என்கிறாள், விளையாட்டாகச் சொல்கிறாளா என்று அவள் முகத்தில் தேடினேன், ஒன்றும் தெரியவில்லை, போய் நாற்காலிக்குப் பின்னால் ஓரமாக நின்றேன், பெரியம்மா, அத்தை தோள்ல கையப் போடுங்க என்கிறார் மாப்பிள்ளை, கையைக் கொண்டுபோனேன், பச்சைப் பட்டு ரவிக்கைக்கு ஒரு நூல் மேலே என் விரல்கள் நின்றுவிட்டன, இறங்க மாட்டேன் என்றன, எத்தனை நேரம் என்று தெரியாது, தோள்பட்டை கடுக்கத் தொடங்கியது, இவ்வளவு வலிக்குமா இது, ஆவுடை திரும்பிப் பார்க்காமல், கேமராவைப் பார்த்தபடியே எனக்கு மட்டும் கேட்கிற மாதிரிச் சொன்னாள், அழுத்தியே வைங்கக்கா, பஃப் எல்லாம் ஒண்ணும் இல்ல.

பிள்ளை துள்ளியதில் படம் ஒரு பக்கம் சாய்ந்துபோனது, பெரியம்மா ஓரத்துல வெட்டுப்பட்டுட்டாங்க, இன்னொண்ணு எடுக்கட்டுமா என்று மாப்பிள்ளை கேட்கிறார், வேண்டாம், இதையே எனக்கு அனுப்புங்க என்கிறேன், தாம்பரத்தில் பகல் முழுக்க அதைத்தான் பெரிதாக்கிப் பார்த்துக்கொண்டிருக்கிறேன், சவாலில் இன்னும் பக்கங்கள் பாக்கி, பூவும் வைக்கவில்லை, நாடாவும் வைக்கவில்லை, முதலில் ஒரு நகல் எடுத்துவைத்தேன், என் முகம் படத்தில் இல்லை, சேலையும் இல்லை, ஆவுடையின் தோளில் நான்கு விரல்கள் மட்டும் இருக்கின்றன, அவற்றுக்கு அடியில் நிழல் இல்லை.