ரப்பர் கேட்டவள்

எங்கள் வாசகர் வட்டத்தில் நான்கு பேர். நாவல் ஒன்றே ஒன்று. நூலகப் பிரதி என்பதால் கைமாற்றிப் படிப்போம். தோன்றியதை ஓரத்தில் பென்சிலால் எழுதுவோம். கூடும் நாளில் அவற்றை உரக்கப் படித்து, வாய் வலிக்கச் சண்டை போட்டு, கடைசியில் ஒருவர் ரப்பரால் எல்லாவற்றையும் அழித்துத் திருப்பிக் கொடுக்க வேண்டும். இந்த முறை அழிக்கும் வேலை என்னுடையது.

தையல்கார அக்காவின் கடையில் அன்று அக்கா, நர்ஸ், நான் என்று மூன்று பேர்தான் இருந்தோம். நான்காவது ஆள், என் பள்ளித் தோழி சோடாபுட்டி, போய்ச் சேர்ந்து மூன்று வாரம். அந்தப் பெயரை அவளுக்கு வைத்ததே நான்தான். புத்தகம் கடைசியாக அவளிடம் இருந்தது. நர்ஸ்தான் ஆஸ்பத்திரியிலிருந்து எடுத்து வந்திருந்தாள்.

நாவல் இரண்டு தோழிகளைப் பற்றியது. ஒருத்தி படுக்கையில் விழுகிறாள். மற்றவள் எட்டிக்கூடப் பார்ப்பதில்லை.

"இவளெல்லாம் ஒரு பொம்பளையா?" அக்கா பல்லிடுக்கிலிருந்த குண்டூசியை எடுத்துவிட்டுப் பொரிந்தாள். "ஒரே ஊர்ல இருந்துக்கிட்டு ஒரு நடை போய்ப் பாத்தா என்னவாம்?"

"பயந்திருப்பாக்கா," என்றேன்.

"என்ன பயம்? நோய் கடிச்சா வச்சிடும்? நம்ம டீச்சரம்மா எல்லாருக்கும் கிரேஸ் மார்க் போட்டுடுவாங்க!"

நர்ஸ் சிரிக்கவில்லை. சோடாபுட்டி படுத்திருந்த வார்டில்தான் அவளுக்கு வேலை. நான் அங்கே போனது ஒரே ஒரு முறை. முடியெல்லாம் கொட்டி, கண்ணாடி மட்டும் பெரிதாகத் தெரிந்த அந்த முகத்தைப் பார்த்ததும் ஓடி வந்துவிட்டேன். அப்புறம் போனில் மட்டும்தான்: "பேப்பர் திருத்தணும்டி, நாளைக்கு வரேன்." அவள் போகும்வரை பத்தொன்பது நாளும் அதே 'நாளைக்கு'தான்.

என்மேல் வெறுப்போடு போனாளா? அது தெரியாமல் எனக்குச் சோறு இறங்கவில்லை.

அக்கா பக்கத்தைப் புரட்டினாள். "இங்க பாரு, சோடாபுட்டி கையெழுத்து! 'அவள் வரப்போவதில்லை'ங்கிற வரிக்குப் பக்கத்துல 'வருவா'ன்னு எழுதியிருக்கா. பாவம், கதை முடியுற வரைக்கும் அவ வரவே இல்லையே."

எனக்கு மூச்சு வந்தது. வெறுக்கவில்லை. நம்பியிருக்கிறாள்.

அளவு கொடுக்க ஆள் வர, அக்கா முன்பக்கம் போனாள். நான் ஒவ்வொரு பக்கமாக அழித்தேன். அந்த ஒரு சொல்லை மட்டும் விட்டுவிட்டுத் தாண்டினேன்.

"அதையும் அழிச்சிடுங்க டீச்சர்," என்றாள் நர்ஸ்.

"இது ஒண்ணு இருக்கட்டுமே. எனக்காக எழுதினது."

"தெரியும். கதவைப் பாத்துக்கிட்டேதான் எழுதினா." நர்ஸ் என்னைப் பார்க்காமல், கீழே கிடந்த வெட்டுத்துணியை எடுத்து மடித்தாள். "ஒரு வாரம் கழிச்சு என்கிட்ட ரப்பர் கேட்டா. எதுக்குன்னேன். இந்தப் பக்கத்தைக் காட்டினா. நாளைக்குக் கொண்டாறேன்னு சொல்லிட்டு மறந்துட்டேன். மறுநாளும் கேட்டா. அப்புறம் கேக்கல."

முன்பக்கம் தையல் மெஷின் ஓடத் தொடங்கியது. நான் மறுபடி அந்தப் பக்கத்துக்கே திருப்பினேன்.

மூன்றே எழுத்து. அவள் அழுத்தி எழுதுகிறவள். வெகுநேரம் தேய்க்க வேண்டியிருந்தது.