முடிச்சு நின்ற இடம்

தெருவுக்கு ஒரு குழாய்தான் என்று பஞ்சாயத்து அலுவலகத்தில் சொல்லிவிட்டார்கள். எங்கே போடுவது என்பதை உங்களுக்குள் அடித்துக்கொண்டு சொல்லுங்கள் என்றார்கள். அவ்வளவு பச்சையாகச் சொல்லவில்லைதான். தெரு அப்படித்தான் புரிந்துகொண்டது. ஆளாளுக்குத் தன் வாசலைக் காட்டிக் கத்தி ஓய்ந்தபோது வாத்தியார் வாயைக் கொடுத்து மாட்டிக்கொண்டார்.

"சண்டை எதுக்கு? ஒரு பலகை செஞ்சு அதையே கேட்டுருவோம்."

வாத்தியார் பள்ளியில் இயற்பியல் நடத்தியவர். அவர் வகுப்பில் தூங்காத ஒரே ஜீவன் சுவர்க்கடிகாரம். அதுவும் பாதி நாள் நின்றுபோயிருக்கும். மனைவி படுக்கையில் விழுந்ததும் வேலையை விட்டுவிட்டார். சமைப்பது, துவைப்பது, அவளைப் புரட்டிப் படுக்கவைப்பது என்று இப்போது எல்லாப் பாடமும் அவரே.

பழைய கதவுப் பலகை ஒன்றில் தெருவை வரைந்தார். வீட்டுக்கு ஒரு துளை, துளைக்கு ஒரு நூல். நூல்களெல்லாம் பலகைக்கு மேலே ஒரே முடிச்சில் சேர்ந்தன. கீழே தொங்கிய நுனிகளில், வீட்டில் தலைக்கு ஒன்றாக, மெக்கானிக் கொடுத்த இரும்பு நட்டுகள். ஒவ்வொரு வீடும் முடிச்சைத் தன் பக்கம் இழுக்கும். இழுபறி முடிந்து முடிச்சு எங்கே நிற்கிறதோ அங்கே குழாய். தெருவே குடம் தூக்கி நடக்கிற நடை, மொத்தத்தில் மிகக் குறைவாக இருக்கும் இடம் அதுதான்.

நியாயம் நியாயம் என்று ஊருக்குச் சொன்னாரே தவிர, அவருக்குள்ளும் ஓர் ஆசை இருந்தது. தண்ணீர் வருவது காலையில் கொஞ்ச நேரம். அப்போது தெருவே வரிசையில் நிற்கும். துணைக்கு உட்கார ஆள் கிடைக்காது. மனைவிக்கு எச்சில் புரையேறினால் நிமிர்த்தி உட்காரவைக்க அவர்தான் ஓட வேண்டும். அவள் குரல் எதிர்வீட்டு வாசல் வரைக்கும் வரும். அதைத் தாண்டி வராது. அவளைக் கூப்பிடச் சொல்லிவிட்டு அவரே நடந்து பார்த்திருக்கிறார்.

முதல் சோதனையைக் கட்டிலுக்குப் பக்கத்திலேயே நடத்தினார். முடிச்சைத் தங்கள் வீட்டின்மேல் வைத்துக் கையை எடுத்தார். அது லேசாக நகர்ந்து, எதிர்வீட்டு வாசலில் நின்றது.

"பாத்தியா! பலகைக்கே நம்ம மேல இரக்கம்."

"நூல் துளையில மாட்டியிருக்கும். தட்டிப் பாருங்க."

"நீ சும்மா இரு."

அளவு பார்க்குமுன் கருவியைத் தட்டு என்று பிள்ளைகளின் மண்டையில் தட்டித் தட்டிச் சொல்லிக்கொடுத்த மனிதர், பலகையைப் பூப்போலத் தூக்கி ஓரமாக வைத்தார்.

மறுநாள் தெருவே கூடியது. மெக்கானிக் குனிந்து நட்டுகளை எண்ணினான்.

"வாத்தியாரே, உங்க வீட்டுக்கு ரெண்டா? அக்காதான் தண்ணி எடுக்க வரப்போறதில்லையே!"

"ஏன், குடிக்க மாட்டாங்களா? குளிக்க மாட்டாங்களா? உன் வாயில ஒரு நட்டைப் போட்டு முடுக்கணும்டா," என்றாள் தையல்காரம்மா. தெருவின் கீழ்க்கோடியில் ஏழு பேர் உள்ள வீடு அவளுடையது.

வாத்தியார் முடிச்சை விட்டார். அதே எதிர்வீட்டு வாசலில் போய் நின்றது. கூட்டம் முணுமுணுத்தது. தையல்காரம்மா இடுப்புப் பிள்ளையை மறு இடுப்புக்கு மாற்றிக்கொண்டாள்.

"விடுங்கப்பா. சார் கணக்குல பொய் இருக்காது. நாங்க மேடேறி நடந்துக்கிறோம்."

ஏசியிருந்தால் தாங்கியிருப்பார். நம்பித் தொலைத்தாளே! அவர் கை தானாகப் போயிற்று. விரல் முட்டியால் பலகையை இரண்டு தட்டுத் தட்டினார். விரட்டிய எலியாய் முடிச்சு சரசரவென்று இறங்கி ஓடி, தையல்காரம்மாவின் வாசலுக்குப் பக்கத்தில் நின்றது.

"யோவ், நல்லாத்தானே நின்னுச்சு!" என்று மெக்கானிக்கே பதறினான்.

"நூல் மாட்டியிருந்துச்சுப்பா," என்றார் வாத்தியார்.

வீட்டுக்குள் வந்ததும் மனைவி கேட்டாள். "எங்க நின்னுச்சு?"

"கொஞ்சம் கீழ."

"தட்டுனீங்களா?"

"ம்."

"தட்டாம இருப்பீங்களா," என்று சொல்லிவிட்டு முகத்தைச் சுவர்ப்பக்கம் திருப்பிக்கொண்டாள். முகத்தைத் திருப்புவது ஒன்றுதான் அவளால் தனியாகச் செய்ய முடிந்தது.

குழாய் வந்தது. வரிசையில் வாத்தியாருக்கு எப்போதும் முதல் இடம் என்று தையல்காரம்மா சட்டம் போட்டாள். ஒருவரும் மறுக்கவில்லை. ஆனால் முதல் குடமும் அதே மேட்டில்தான் ஏற வேண்டும்.

ஒரு காலை, தண்ணீர் வரத் தாமதமாயிற்று. குழாயடியில் நின்றபடி வாத்தியார் மேட்டைப் பார்த்துக் காதைத் தீட்டிக்கொண்டிருந்தார். குடங்கள் மோதும் சத்தமும் மெக்கானிக்கின் நையாண்டியும் தவிர ஒன்றும் கேட்கவில்லை. கேட்காததால் எல்லாம் சரியாக இருக்கிறது என்று எண்ணிக்கொண்டார். படித்த முட்டாள்.

இரண்டு குடங்களோடு மேடேறி உள்ளே போனபோது, அவள் இருமிய வேகத்தில் நழுவி, பாதி உடம்பு கட்டிலுக்கு வெளியே தொங்கக் கிடந்தாள். உதடு நீலம் பாய்ந்திருந்தது. குடங்களைப் போட்டுவிட்டு ஓடித் தூக்கி நிமிர்த்தி முதுகில் தட்டினார், தட்டினார். கடைசியில் மூச்சு கிழிந்த துணிபோல இழுத்துக்கொண்டு வந்தது. கொட்டிய தண்ணீர் கட்டிலுக்கடியில் பரவியது.

அவள் உதடு அசைந்தது. குரலே இல்லை, கத்திக் கத்தித் தீர்ந்துபோயிருந்தது. அவர் காதை அவள் வாயோடு ஒட்டிவைத்தார்.

"இப்ப கேக்குதா?"

"கேக்குதும்மா," என்றார்.

நாளைக் காலையும் தண்ணீர் வரும்.