எஞ்சினுக்கு மட்டும் டர்போ

பழைய விமானமாக இருந்தால் இந்த உயரத்தில் திணறியிருக்கும். அக்கா வாங்கிய புது விமானத்தின் டர்போ எஞ்சினோ, மெல்லிய காற்றையும் அமுக்கி விழுங்கிவிட்டுச் சிங்கம் மாதிரி உறுமியது. மேகமெல்லாம் காலுக்குக் கீழே போனதும் அவளுக்குத் தலைகால் புரியவில்லை. பக்கத்து சீட்டில் தம்பி பாடியதுகூடக் கச்சேரியாக இனித்தது. கண்ணில் நீர் முட்டச் சிரித்தாள்.

"இன்னும் மேல ஏத்துக்கா!"

எஞ்சின் வேகத்தைக் கூட்டும் த்ராட்டிலைத் தள்ளப் போனவள் தன் விரலைப் பார்த்துத் திடுக்கிட்டாள். நகமெல்லாம் நீலம் பாரித்திருந்தது.

"டேய், ஆக்சிஜன் மாஸ்க்கை மாட்டு! டர்போ எஞ்சினுக்குத்தான், நமக்கில்ல!"

அவளும் மாட்டிக்கொண்டு ஆழமாக மூச்சிழுத்தாள். தலை தெளிந்தது. இத்தனை கும்மாளமும் வெறும் ஆக்சிஜன் குறைவால் வந்ததுதானா? பயத்தோடு வெளியே எட்டிப் பார்த்தாள். மேகமும் வெயிலும் அதே அழகோடு ஜொலித்தன; நெஞ்சு முன்போலவே துள்ளியது.

தம்பியின் பாட்டுதான் காதுகொடுத்துக் கேட்கச் சகிக்கவில்லை.