பதினேழாம் நம்பர் டேக்

கிடங்கில் அவளை எல்லோரும் டேக்கக்கா என்றுதான் கூப்பிடுவார்கள். மேனேஜர் மட்டும் கோபம் வந்தால் ‘மேடம்’ என்பார். அந்த வியாழக்கிழமை காலையில் ஒரே மூச்சில் மூன்று மேடம் போட்டார்.

“மேடம், ஒரு மாசத்துல பதினோரு பெட்டி ஷூ காணோம். நம்ம பெட்டியில பாதிக்கு டேக் இருக்கு, பாதிக்கு இல்ல. போன பதினொண்ணும் டேக் இல்லாத பெட்டி மேடம்! எதுல இருக்கு, எதுல இல்லன்னு உங்க ஒருத்தருக்குத்தான் தெரியும். அப்புறம் திருடனுக்கு எப்படித் தெரியுது? நான் சொல்லல, டேட்டா சொல்லுது. டேட்டா பொய் சொல்லாது. அஞ்சு மணிக்குத் தலைமை ஆபீஸ்லேர்ந்து ஆள் வராங்க. அவங்களுக்கு என்ன சொல்றதுன்னு யோசிச்சு வைங்க மேடம்.”

பன்னிரண்டு வருஷம் ஒரு ஷூ லேஸைக்கூட வீட்டுக்கு எடுத்துப் போகாதவள். அவளைப் பார்த்து ஒரு மனுஷன் இப்படிக் கேட்டுவிட்டானே! வேலை போனால்கூட இன்னொன்று தேடிக்கொள்ளலாம். திருடி என்ற பேரோடு எந்த வாசற்படி ஏறுவது?

அவள் வேலை இதுதான். தீப்பெட்டி அளவில் ஒரு டேக். பெட்டியைத் திறந்து ஷூ டப்பாக்களுக்கு நடுவில் அதைச் செருகி, அதே டேப்பால் திரும்ப ஒட்டிவிட வேண்டும். பெட்டி எங்கே போனாலும் கம்ப்யூட்டரில் ஒரு பச்சைப் புள்ளி கூடவே போகும். வெளியே பார்த்தால் டேக் உள்ள பெட்டிக்கும் இல்லாத பெட்டிக்கும் ஒரு வித்தியாசமும் தெரியாதபடி ஒட்டுவாள். அதில் அவளுக்கு ரொம்பப் பெருமை. கடைசியில் டேப்பின் முனையை அரை விரல் மடித்துவிடுவாள்; கடையில் பிரிக்கிறவர் நகம் பெயரக் கூடாதே என்று. வீட்டில் டேப் சுருளுக்கும் அப்படித்தான். கைப்பழக்கம்.

மத்தியானம் வரை தலையைப் பிய்த்துக்கொண்டாள். சரி, வயிறு காய்ந்தால் மூளை என்ன செய்யும் என்று சாப்பாட்டு அறைக்குப் போனாள். ஆணியில் மாட்டியிருந்த பையைக் காணோம்.

“யாருடா என் பையை எடுத்தது?”

சாப்பிட்டுக்கொண்டிருந்தவர்கள் பேந்தப் பேந்த விழித்தார்கள். மேசைக்கடியில் பார்த்தாள், அலமாரிக்குப் பின்னால் பார்த்தாள். பை இல்லை, பைக்குள் இருந்த மூன்றடுக்கு கேரியரும் இல்லை. அதுவும் வியாழக்கிழமை! வியாழன் என்றால் மீன் வறுவல். அவள் கேரியரைத் திறந்தால் பக்கத்து மேசைக்காரனுக்குக் கழுத்து தானாக நீளும். “உங்க கைப் பக்குவமே தனி டேக்கக்கா” என்று பன்னிரண்டு வருஷமாகச் சொல்கிறார்கள். அவளும் பன்னிரண்டு வருஷமாகச் சிரித்துக்கொண்டு கேட்டுக்கொள்கிறாள். உண்மையில் விடியற்காலையில் எழுந்து சமைக்கிறவர் அவள் கணவர். பள்ளிக்கூட வேன் ஓட்டிவிட்டு வரும் அந்த மனுஷனின் பேரை ஒரு நாளாவது சொன்னாளா? வாயே வரவில்லை.

இப்போது அவருக்குத்தான் போன் போட்டாள். வேலைக்கே ஆபத்து என்று சொல்ல நினைத்தவள், “ஏங்க, கேரியரைத் தூக்கிட்டுப் போயிட்டாங்க” என்று அழுதாள்.

“போனா போகுது, நீ அழாத. சாப்பிட்டியா?”

“கேரியரே போச்சுங்கறேன், சாப்பிட்டியாவாம்! நல்லா கேட்டீங்க போங்க.”

சொல்லி முடிக்கும்போதுதான் பளிச்சென்று உறைத்தது. பதினேழு!

கடைகளிலிருந்து திரும்பி வரும் டேக்குகளுக்குச் சார்ஜ் ஏற்றி, ஒரு நாள் வெளியே அனுப்பிப் பரிசோதித்த பிறகுதான் மறுபடி பெட்டியில் வைக்க வேண்டும். யார் அதைத் தூக்கிக்கொண்டு ஊர் சுற்றுவது? அவள் தினம் ஒரு டேக்கைத் தன் சாப்பாட்டுப் பையின் அடித் துணிக்குள் போட்டுக்கொள்வாள். வீட்டுக்குப் போகிறது, காலையில் வருகிறது. தெரிந்த வழி, புள்ளி சரியாக வந்தால் டேக் நல்ல டேக். இன்றைக்குப் பையில் இருப்பது பதினேழாம் நம்பர்.

ஓடிப்போய் லேப்டாப்பில் பரிசோதனைப் பக்கத்தைத் திறந்தாள். புள்ளி கிடங்கில் இல்லை. கால்வாய்க்கு அந்தப் பக்கம், பல வருஷமாய்ப் பூட்டிக் கிடக்கும் மர மில்லுக்குள் அசையாமல் உட்கார்ந்திருந்தது.

லேப்டாப்பைத் தூக்கிக்கொண்டு மேனேஜர் அறைக்குள் நுழைந்தாள்.

“சாப்பாட்டுப் பையா?” என்று அவர் நெற்றியில் அடித்துக்கொண்டார். “இங்க என் தலை உருளுது, உங்களுக்கு மீனா முக்கியம்?”

“சார், பூட்டின மில்லுல போய் யாராவது சாப்பிடுவாங்களா? நம்ம வண்டி போற ரோட்டுலேர்ந்து ரெண்டே தெரு. டேட்டா பொய் சொல்லாதுன்னு யார் சொன்னது?”

மேனேஜர் சட்டையை இழுத்துவிட்டுக்கொண்டு எழுந்தார்.

போனில் அவள் அழுததைக் கேட்டுக் கிளம்பிய கணவர் அதற்குள் வேனோடு வாசலில் வந்து நின்றார். குழந்தைகளின் இருக்கையில் மேனேஜரின் முழங்கால் மோவாயை இடித்தது. அந்த நிலையிலேயே போலீஸுக்குப் போன் செய்தார். “இடது பக்கம் திரும்புங்க! ஐயோ, அந்த இடது இல்ல!” என்று டேக்கக்கா கத்த, பள்ளிக்கூட மணியை அடித்துக்கொண்டே கணவர் வண்டியை விரட்டினார். அத்தனை பயத்திலும் அவளுக்குச் சிரிப்பை அடக்க முடியவில்லை.

மில்லின் பின்கதவு ஒருக்களித்திருந்தது. உள்ளே, அடுக்கிய ஷூ பெட்டிகளுக்கு முன்னால், ஒரு பெட்டியின் மேல் சம்மணம் போட்டு உட்கார்ந்து, கேரியரின் மூன்றாம் அடுக்கை வழித்துக்கொண்டிருந்தான் ருசி.

ருசி என்றால் அவர்கள் கிடங்கின் லோடிங் சூப்பர்வைசர். யார் டப்பாவைத் திறந்தாலும் ஒரு வாய் கேட்பதால் வந்த பட்டப்பெயர். வண்டியில் சரக்கு ஏற்றுகிறவன். டயர் மாற்ற வேண்டும் என்று மத்தியானம் வண்டியோடு கிளம்பியவன்.

“அடப்பாவி! நீயாடா?” என்றாள் டேக்கக்கா.

அவன் திருதிருவென்று விழித்தான். பின்னாலேயே போலீஸ் ஜீப் வந்து நின்றது. கையும் களவுமாக, வாயும் மீனுமாக மாட்டிக்கொண்டவன் எதை மறுப்பான்?

மேனேஜர்தான் கேட்டார். “எதுல டேக் இருக்குன்னு உனக்கு எப்படித் தெரியும்? யார் சொன்னா?”

டேக்கக்கா ருசியின் வாயையே பார்த்தாள்.

“யாரும் சொல்லல சார். டேப் முனை மடிச்சிருந்தா அது அக்கா தொட்ட பெட்டி. அதுல கை வைக்க மாட்டேன். மெஷின் ஒட்டினது மடிஞ்சிருக்காது.”

அடக் கடவுளே! அவள் பெருமையாக நினைத்த கைதான் திருடனுக்கு வழி காட்டியிருக்கிறது. அவமானமாக இருந்தது, ஆனால் நெஞ்சில் ஏறி உட்கார்ந்திருந்த பாறை இறங்கிவிட்டது. “தப்பு என் மேலதான் சார்” என்று தானே முன்வந்து சொன்னாள். “நகம் வலிக்கக் கூடாதேன்னு மடிச்சேன். இப்படி ஆகும்னு சத்தியமா தெரியாது.”

போலீஸ்காரர் தோளைப் பிடித்துக் கிளப்பியபோது ருசி அவள் பக்கம் திரும்பினான். “மன்னிச்சுக்கக்கா. வியாழக்கிழமையா, மனசு கேக்கல. ஆனா மீன்ல இன்னைக்கு உப்பு கொஞ்சம் தூக்கல்.”

“தூக்கலா?” பின்னாலிருந்து கணவர் சீறிக்கொண்டு வந்தார். “திருடித் தின்னுட்டு குத்தம் வேற சொல்றியா? எந்த மீன்ல உப்பு தூக்கல்? நாலு மணிக்கு எந்திரிச்சு வறுத்தவன்யா நான்!”

மேனேஜர் கணவரைப் பார்த்தார், டேக்கக்காவைப் பார்த்தார். “அப்போ அந்தக் கைப் பக்குவம்...?”

“அவரோடதுதான் சார், பன்னிரண்டு வருஷமா” என்றாள் அவள். மேனேஜர் சிரிக்க ஆரம்பித்தார். போலீஸ்காரரும் சிரித்தார். விலங்கு மாட்டிய ருசியே தலையைக் குனிந்துகொண்டு குலுங்கினான். கணவர் மட்டும் மீசையை நீவிக்கொண்டு, கேரியரைப் பொறுக்கி அடுக்கினார்.

ஐந்து மணிக்குத் தலைமை ஆபீஸ் அம்மா வந்தபோது, டேக்கக்கா மெஷின் பக்கத்தில் நின்று, டேக் உள்ளது இல்லாதது எல்லாப் பெட்டிக்கும் முனை மடித்துக்கொண்டிருந்தாள். ஓரமாக நின்று மேனேஜரும் மடித்தார். கோணல்மாணலாக வந்தது.

“அரை விரல் போதும் சார். இப்படி.”

“இப்படியா, அக்கா?” என்று கேட்டார் மேனேஜர்.

மேடம் போய் அக்கா வந்ததை அவள் கவனித்தாள், கண் கொஞ்சம் கலங்கியது. பிறகு டேக் அறைக்குப் போய்ப் பரிசோதனைப் பதிவேட்டைத் திறந்தாள். டேக் எண்: பதினேழு. முடிவு: சரியாக வேலை செய்கிறது. குறிப்பு என்ற கட்டம் எப்போதும் காலியாகத்தான் இருக்கும். அன்று அதில் எழுதினாள்: ‘சமைத்தவர், என் வீட்டுக்காரர்.’