முழங்கைக் குழாய்

எங்கும் வெள்ளை, வரிசை வரிசையாக, கண்ணைக் குத்துகிற வெள்ளை, பாத்தி வரப்பில் நிற்கிறேன், வெயில் கீழேயிருந்து ஏறி முகத்தில் அடிக்கிறது, கங்காணி கத்துகிறான், இல்லை, இது உப்பளம் இல்லை, கை கழுவும் தொட்டி விற்கிற கடை, கத்தியது கங்காணி இல்லை, என் மகன் தவசி, அம்மா பாத்து வா, இடிச்சிராத, பூராம் பீங்கான் என்கிறான், நான் கண்ணைச் சுருக்கிக்கொண்டு, திண்டின் மேல் கிண்ணம்போல் உட்கார்ந்திருக்கும் ஒன்றைத் தடவிப் பார்க்கிறேன், அதன் ஓரம் எங்கே முடிகிறது, சுவர் எங்கே தொடங்குகிறது, தெரியவில்லை, காலமெல்லாம் உப்பைப் பார்த்த கண்ணுக்கு வெள்ளைமேல் வெள்ளை வைத்தால் வெறும் வெளிச்சம்தான். பக்கத்து அட்டையை எழுத்துக் கூட்டினேன், வெ, ச, ல், அப்படின்னா என்னய்யா என்றேன், பாத்திரம்மா என்றார் கடைக்காரர், கஞ்சி குடிக்கலாம் போல இருக்கே என்றேன், அவர் சிரித்தார், தவசி சிரிக்கவில்லை, இதுல கருப்பு இருக்கா என்று கேட்டதும் அவன் முகம் சுருங்கிவிட்டது, நல்ல காரியத்துக்கு யாராச்சும் கருப்பு வாங்குவாகளாம்மா என்றான், என்னல நல்ல காரியம், நான் மூஞ்சி கழுவணும், அவ்வளவுதான் என்றேன்.

அவ்வளவுதான், ஆனால் அது எவ்வளவு என்று அவனுக்குத் தெரியாது, உப்பு வாருகிற பலகையின் கம்பைப் பிடித்துப் பிடித்து என் விரல்கள் அந்தக் கம்பின் பருமனுக்கே வளைந்து நின்றுவிட்டன, நீட்டினால் நீளாது, மடக்கினால் இறுகாது, உருண்டைத் திருகு வைத்த குழாய் கைக்குள் வழுக்கிச் சுற்றும், திறக்காது, விடிந்ததும் செல்வக்கனி என்று கூப்பிடுவேன், மருமகள் அடுப்பை விட்டு வந்து திறந்துவிடுவாள், மூட இன்னொரு தரம் வருவாள், ஒரு சொல் சொன்னதில்லை, ஒரு பெருமூச்சு மட்டும் விடுவாள், அந்த மூச்சுக்குப் பயந்தே எத்தனையோ நாள் முகம் கழுவாமல் முந்தானையால் துடைத்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறேன், அளத்தில் எவனுக்கும் பயந்தவள் இல்லை நான், கூலியில் பிடித்தம் செய்த கங்காணியை வரப்பிலேயே மறித்தவள், ஒரு மூச்சுக்குப் பயந்தேன். கண்ணில் புரை எடுக்கப் போன ஆசுபத்திரி, அங்கே டாக்டரம்மா கையைத் தூக்கிப் பிடித்தபடி முழங்கையால் குழாயின் கைப்பிடியை, காதுபோல் நீண்டிருப்பதை, தட்டுகிறாள், தண்ணீர் கொட்டுகிறது, அவள் போனதும் நான் தட்டுகிறேன், எனக்கும் கொட்டுகிறது, தட்டுகிறேன், நிற்கிறது, ஏம்மா தண்ணில விளையாடுத என்று நர்ஸ் கேட்கிறாள், நான் இன்னொரு தரம் தட்டுகிறேன், அந்தக் குழாய்தான் வேண்டும் என்றேன் கடையில், கடைக்காரர் எடுத்துக் காட்டிய கருப்புக் கிண்ணத்துக்கு மேலே.

கருப்புக் கிண்ணத்துக்கு ஒத்துக்கொண்ட தவசி, குழாயை எனக்குத் தெரியாமல் மாற்றிவிட்டான். பிளம்பர் மிக்கேல் வந்து, கிண்ணம் மேல உக்காருததுனால திண்ட தாழ்த்தணும் பெரியம்மா, இல்லன்னா ஒங்களுக்கு எட்டாது என்று திண்டைத் தாழ்த்தி, கல் பதித்து, மறுநாள் குழாய்ப் பெட்டியைப் பிரித்தால் உள்ளே தங்க நிறத்தில் உருண்டைத் திருகு, தவசி சுவரைப் பார்த்துக்கொண்டே, வீட்டுக்கு நாலு பேரு வாராக, ஆசுபத்திரி மாதிரி இருந்தா நல்லாவாம்மா இருக்கும் என்றான், நான் திண்டுக்கு முன்னால் போய் நின்றுகொண்டேன், மிக்கேலு, இதக் கொஞ்சம் இறுக்கிப் பிடி என்றேன், ஏ தவசி, கையில சோப்பப் போடு, விரல மடக்கு, இப்பம் திற என்றேன், விளையாடாதம்மா என்றான், நீ திறலே என்றேன், வளைந்த விரலோடு அவன் திருகைப் பிடித்தான், வழுக்கியது, இரண்டு கையாலும் பிடித்தான், வழுக்கியது, மிக்கேல் வாயைப் பொத்திக்கொண்டான், அப்படித்தான் எனக்கும் தெனமும் என்றேன், காசு என்னுது, கையும் என்னுது, நாலு பேரு வந்தா அவுகளும் முழங்கையால தட்டட்டும், தவசி நுரையோடு தன் கையையே பார்த்துக்கொண்டு நின்றான், பிறகு அதைத் துடைத்தான், பெட்டியை மூடினான், வண்டிச் சாவியை எடுத்தான்.

இப்போது விடிகிறது, இல்லை, வரப்பில் விடிந்த விடியல்கள் எல்லாம் சேர்ந்து இங்கே விடிகின்றன, நீளக் காதைத் தட்டுகிறேன், சுவரிலிருந்து தண்ணீர் இறங்குகிறது, கருப்பில் அதன் ஒவ்வொரு சுழியும் தெரிகிறது, ஓரம் தெரிகிறது, ஆழம் தெரிகிறது, என் பாத்தி இது, இதில் உப்பு விளையாது, யாரும் வார வேண்டாம், யாரும் சுமக்க வேண்டாம், வளைந்த கைகளிலேயே தண்ணீர் நிற்கிறது, முகத்தில் அறைகிறேன், மறுபடி அறைகிறேன், சத்தம் கேட்டுச் செல்வக்கனி அடுப்படியிலிருந்து ஓடிவந்து வாசலில் நிற்கிறாள், என்ன அத்த, கூப்பிட்டியளா என்கிறாள், நான் ஈர முகத்தோடு திரும்பி, இல்ல தாயி, நான் யாரையும் கூப்பிடல என்கிறேன்.