எடுக்கச் சொன்ன வரி

அழித்த வரி மறுபடியும் வந்து சப்பணம் போட்டு உட்கார்ந்துகொண்டது. "பிறரிடம் சிறப்பாகப் பேசும் திறன் உடையவர்." அக்கா லேப்டாப்பைத் தன் பக்கம் இழுத்து, "சொன்னா கேக்குதா பாரு இந்த ஏஐ! என்னைவிடப் பெரிய வாயாடியா இருக்கும் போலிருக்கே இது" என்றாள். தம்பி சிரிக்கவில்லை. திரையில் இருந்த தன் ரெஸ்யூமில் அந்த வரியின் மேல் விரலை வைத்து, "எ… எ…" என்று ஆரம்பித்தான்.

"எடுக்கணும், அவ்வளவுதானே? எடுத்துடறேன் போ."

அப்படித்தான் அந்த வீட்டில். தம்பிக்குச் சின்ன வயதிலிருந்தே பேச்சு திக்கும். முதல் எழுத்து தொண்டையில் மாட்டிக்கொண்டு வரமாட்டேன் என்று அடம்பிடிக்கும். அவன் கண்ணை இறுக மூடி அதோடு மல்லுக்கட்டும்போதே அக்கா மீதியைச் சொல்லி முடித்துவிடுவாள். கடையில், பஸ்ஸில், சொந்தக்காரர்களின் ஃபோனில், எங்கேயும் அவனுக்கு அவள்தான் வாய். அவள் ஒரு பல் ஆஸ்பத்திரியின் ரிசப்ஷனில் உட்காருகிறவள். வலியோடு வருகிறவர்களிடம் நாள் முழுக்க வாய் ஓயாமல் பேசுவதால் அங்கே டாக்டரே அவளை லவுட்ஸ்பீக்கர் என்றுதான் கூப்பிடுவார். ரெண்டு பேருக்கான பேச்சையும் ஒருத்திக்கே அள்ளிக் கொடுத்துவிட்டான் ஆண்டவன் என்று அம்மா சொல்வாள். அதைப் பெருமையாகச் சொல்கிறாளா, குறையாகச் சொல்கிறாளா என்று இதுவரை யாருக்கும் பிடிபட்டதில்லை.

தம்பி படிப்பது ஏசி, ஃப்ரிட்ஜ், குளிரறை சம்பந்தமான படிப்பு, கடைசி வருஷம். வேலையில் கெட்டிக்காரன். வீட்டில் கரண்ட் போனால் அக்கா ஃப்ரிட்ஜைத் திறந்து திறந்து பார்ப்பாள். கதவைத் திறக்காதே, உள்ளே இருக்கிற குளிர்ச்சி போய்விடும் என்று சொல்வதற்குள் விடிந்துவிடும் என்பதால் ஓடி வந்து அவள் கையில் ஒரு தட்டு தட்டுவான். ஆனால் அவன் எழுதின ரெஸ்யூம் அரைப் பக்கம்கூட வரவில்லை. கம்பெனிகளுக்கு அனுப்பினதெல்லாம் கிணற்றில் போட்ட கல்லாகக் கிடந்தது. கூடப் படிக்கிறவர்கள் ஏஐயிடம் கொடுத்து எழுதி வாங்கி, ஒவ்வொருத்தராக இன்டர்வியூவுக்குக் கிளம்பிக்கொண்டிருந்தார்கள். ஊரோடு ஒத்துப் போவோம் என்று அக்காதான் அந்த ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் அவனைப் பிடித்து உட்காரவைத்தாள்.

ஏஐயும் சும்மா சொல்லக்கூடாது, கேட்டதற்கு மேலேயே செய்தது. 'காலேஜ் கேன்டீன் ஃப்ரிட்ஜை ரிப்பேர் பண்ணினேன்' என்று அவன் எழுதியிருந்ததை, 'உணவுப் பாதுகாப்பு வசதியை மீட்டெடுக்கும் பணிக்குத் தலைமை தாங்கினார்' என்று மாற்றியிருந்தது.

"ஏன்டா, உன் தலைமையில யாருடா வேலை செஞ்சது?"

தம்பி பையிலிருந்து ஸ்க்ரூடிரைவரை எடுத்துக் காட்டினான். ரெண்டு பேரும் வயிறு வலிக்கச் சிரித்தார்கள். சிரிப்பு மட்டும் அவனுக்குத் திக்குவதே இல்லை. அக்காவுக்கு அதைக் கேட்க எப்போதும் பிடிக்கும்.

அந்த வரிதான் தகராறு. எடு என்றால், 'இதோ எடுத்துவிட்டேன்' என்று பணிவாகச் சொல்லிவிட்டு, கீழே 'தன்னம்பிக்கையுடன் உரையாடுபவர்' என்று வேறு வேஷத்தில் கொண்டுவந்து வைத்தது. எல்லாருக்கும் போடுகிறதுதானே, பழக்கதோஷம். பக்கத்தில் ஒரு வட்டத்தில் மார்க் வேறு போட்டது. அந்த வரி இருந்தால் வட்டம் பச்சை, எடுத்தால் மஞ்சள். தம்பி தண்ணீர் குடிக்க எழுந்து போனபோது வட்டம் மஞ்சளாக இருந்தது. இந்தக் கம்பெனியும் பதில் போடாவிட்டால் இவன் இனி எதற்கும் அனுப்பமாட்டான், அறைக்குள்ளேயே கிடந்துவிடுவான் என்று அவளுக்குத் தெரியும். சும்மா ஒரு பேச்சுக்குத்தானே, யார் உட்கார்ந்து வரிவரியாகப் படிக்கப்போகிறார்கள்? வரியைத் திரும்ப வைத்தாள். பச்சையானது. அனுப்பிவிட்டாள்.

"எ… எடுத்தியா?" என்று கேட்டான் வந்து.

"எடுத்தாச்சு, எடுத்தாச்சு."

பதில் வந்தது. ஆஸ்பத்திரிகளில் மருந்து வைக்கும் ஃப்ரீஸர்களைப் பராமரிக்கிற கம்பெனி. வீடியோவில் இன்டர்வியூ. அன்றைக்கு அக்கா அரைநாள் லீவு போட்டாள். அம்மா சட்டையை ரெண்டு தடவை இஸ்திரி போட்டாள். தம்பி அறைக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டான். அக்கா வெளியே கதவோடு ஒட்டிக்கொண்டு நின்றாள். ஒட்டுக்கேட்பது தப்பு என்று தெரியாதவள் இல்லை, ஆனால் கால் நகர்ந்தால்தானே?

கேள்வி கேட்டது ஒரு பெண் குரல். படிப்பு, ப்ராஜெக்ட் என்று முதலில் சுலபமாகத்தான் போனது. தம்பி திக்கித் திக்கியாவது கரை சேர்ந்தான். அப்புறம் அந்தப் பெண், "நல்லாப் பேசுவேன்னு ரெஸ்யூம்ல போட்டிருக்கீங்களே?" என்றாள். குரலில் கிண்டல் இல்லை. அதுதான் அக்காவை இன்னும் பயமுறுத்தியது. பாவி, நானே அவன் தலையில் கல்லைத் தூக்கிப் போட்டுவிட்டேனே என்று நெற்றியைக் கதவில் முட்டிக்கொண்டாள்.

"தெ… தெரியும் மேடம்" என்றான் தம்பி. "நேத்துதான் பா… பார்த்தேன். நான் எடுக்கச் சொன்னேன். எங்க அக்கா எ… எடுக்கலை."

"ஏன்?"

"எனக்காகப் பேசிப் பேசி அவளுக்குப் ப… பழகிடுச்சு. நான் சொல்லி முடிக்கறவரைக்கும் அவளால தா… தாங்க முடியாது."

நேற்றே பார்த்திருக்கிறான். ராத்திரி பக்கத்தில் உட்கார்ந்து சாப்பிட்டவன் ஒரு வார்த்தை கேட்கவில்லை. அக்காவுக்குக் கண் கரித்துக்கொண்டு வந்தது.

உள்ளே அந்தப் பெண் லேசாகத் தொண்டையைச் செருமினாள். "சரி, இப்படி வெச்சுக்குவோம். மருந்து ஃப்ரீஸர் நின்னுபோச்சு. ஒரு நர்ஸ் பதறிப்போய் ஃபோன் பண்றாங்க. நீங்க போய்ச் சேர நேரமாகும். மொதல்ல அவங்ககிட்ட என்ன சொல்வீங்க?"

"மொ… மொதல்ல, க… க…"

அக்காவுக்குத் தெரிந்த பதில். கதவைத் திறக்காதீங்க. எத்தனை தடவை கையில் தட்டு வாங்கியிருக்கிறாள்! நாக்கு நுனியில் வார்த்தை வந்து நின்றது. கை தானாகக் கைப்பிடியைப் பிடித்தது. ஒரு தள்ளு, ஒரே ஒரு வார்த்தை, வேலை கிடைத்துவிடும்.

"க… க… க…"

அம்மா பின்னால் வந்து அவள் தோளை இடித்தாள். "பிள்ளை தவிக்குதுடி. போய்ச் சொல்லேன்டி."

அக்கா தலையை ஆட்டினாள். முடியாது என்றாள் கண்ணால். ஒரு வார்த்தை முழுசாக வர அவனுக்கு எவ்வளவு நேரம் பிடிக்கும் என்று அவளுக்குத் தெரியாது. ஒருநாளும் அவ்வளவு நேரம் அவள் விட்டதில்லை. இன்னொரு கையால் தன் வாயை அழுத்திப் பொத்திக்கொண்டாள். உள்ளே அந்தப் பெண்ணும் காத்திருந்தாள்.

"க… கவலைப்படாதீங்க சிஸ்டர்னு சொல்வேன்" என்றான் தம்பி. மூச்சை இழுத்துவிட்டான். "நான் வ… வந்துட்டே இருக்கேன்னு சொல்வேன். அப்புறம்தான் மேடம், க… கதவைத் தொறக்க வேண்டாம்னு சொல்வேன்."

அம்மா அவளைப் பார்த்தாள். அவள் அம்மாவைப் பார்க்கவில்லை. உள்ளே அடுத்த கேள்வி வந்தது, தம்பி மறுபடியும் முதல் எழுத்தோடு மல்லுக்கட்டினான். அக்கா கைப்பிடியிலிருந்து கையை எடுத்தாள். அவள் விரல்களின் ஈரம் அதில் அப்படியே பதிந்திருந்தது.