மதிலுக்கு வெளியே ஒரு கல்

குழிவெட்டி மண்வெட்டியை மதிலில் சாய்த்துவிட்டு, சபைச் செயலாளர் வாயைத் திறக்கக் காத்திருந்தான். கல்லறைத் தோட்டத்தில் எந்தப் பக்கம் வெட்டுவது என்று அந்த வாய்தான் சொல்ல வேண்டும். நான்கு தலைமுறைக் கிறிஸ்தவர் என்று போகிற வருகிறவனிடமெல்லாம் பீற்றிக்கொள்ளும் அந்த மனிதருக்கு ஊர் வைத்த பெயர் 'பரம்பரை'.

இறந்தது ரொட்டிக்கடைக்காரரின் மனைவி. இருவரும் ஞானஸ்நானம் எடுத்து ஒரு வருஷம்கூட ஆகவில்லை. கண் மூடுவதற்கு முன் அவள் கேட்டது ஒன்றே ஒன்று: "மதிலுக்கு உள்ள வெச்சிடுங்க. வெளிய நாய் தோண்டும்."

"புதுசா வந்தவங்களுக்கு வெளியதான்," என்றார் பரம்பரை. "மீட்பே முதல்ல யூதருக்குத்தான் வந்துச்சு. மத்தவங்களை அப்புறம் போனாப் போகுதுன்னு சேத்துக்கிட்டாங்க. கடவுள்கிட்டயே வரிசை இருக்கு, தம்பி."

அடேயப்பா! சொர்க்கத்து வாசலில் உட்கார்ந்து டோக்கன் கிழித்துக் கொடுப்பவர் போலல்லவா பேசுகிறார்!

ரொட்டிக்கடைக்காரர் அழுது வீங்கிய கண்ணோடு போதகரைப் பார்த்தார். "கடவுள் யூதரோட மூதாதை ஆபிரகாமைக் கூப்பிட்டப்பவே உலகத்துல உள்ள எல்லாரையும் மனசுல வெச்சுத்தான் கூப்பிட்டாருன்னு நீங்கதானே ஐயா சொல்லிக் கொடுத்தீங்க?"

போதகர் தொண்டையைச் செருமினார். "சொன்னேன்தான்... ஆனா கமிட்டி முடிவுன்னு ஒண்ணு இருக்கே." ஞாயிற்றுக்கிழமை சிங்கமாய்க் கர்ஜிப்பவர், செவ்வாய்க்கிழமை தன் செருப்பைப் பார்த்துப் பேசினார். தூ! குழிவெட்டிக்கு வாயெல்லாம் கசந்தது.

"ஏங்கய்யா," என்றான் பரம்பரையிடம், "நீங்க யூதரா?"

"என்னடா உளர்றே?"

"இல்ல, உங்க கொள்ளுத்தாத்தா கல்லும் வெளியதான் கிடக்கு. போன மழைக்கு முள்ளு வெட்டறப்பப் பாத்தேன். பேரு போட்டு, 'தன் குடும்பத்தின் முதல் விசுவாசி'ன்னு செதுக்கியிருக்கு. அவரையும் புதுசுன்னுதான் அன்னிக்கு இருந்த கமிட்டி வெளிய தள்ளியிருக்கும். இந்தம்மாவுக்கு அவரு பக்கத்துலயே குழி வெட்டிடறேன். ஊரே வரும், கல்லையும் படிச்சுக்கும்."

பரம்பரையின் முகம் பேயறைந்தாற்போல் ஆனது. நான்கு தலைமுறையில் ஒருத்தராவது அந்தப் பக்கம் எட்டிப் பார்த்திருந்தால்தானே!

"உள்ளேயே வெட்டித் தொலை," என்றார் பல்லைக் கடித்துக்கொண்டு.

குழிவெட்டி உள்ளே போனான். முதல் வரிசையில் பரம்பரை தனக்கென்று கல் நட்டு, பெயரும் செதுக்கி, தேதியை மட்டும் காலியாக விட்டிருந்தார். அதை ஒட்டினாற்போல் முதல் வெட்டு போட்டான்.

"அங்க ஏண்டா?"

"முதல்ல வந்திருக்கிறது இந்த அம்மாதானே ஐயா. நீங்க அப்புறம் வாங்க."